கார்த்திகையில வெட்டுறதா, பூத்து முடிச்சப்புறம் வெட்டுறதா?

தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க வீட்ல குண்டுமல்லி செடி நாலு இருக்கு. பொண்ணு பிரான்ஸ்ல இருக்கா. அவ வீட்டு லைலாக் செடியை வசந்தத்துல பூத்து முடிச்ச உடனே வெட்டிடணுமாம், குளிர்ல கத்திரியே படக்கூடாதாம். இங்க செடி விக்கிறவரு கார்த்திகைல நல்லா ஒட்ட வெட்டுங்கன்றாரு. யார் பேச்சை கேக்குறது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ரெண்டு பேரும் சரியாத்தாம்மா சொல்றாங்க, செடிதான் வேற வேற. லைலாக் அங்க ஏப்ரல், மே மாசத்துல பூக்கும், பூத்து முடிச்சதும் புதுக் கிளை விடும், அந்தக் கிளைலயே கோடை முடியறதுக்குள்ள அடுத்த வருஷத்து மொட்டு உருவாகிடும், அப்புறம் குளிர் முழுக்க அது சும்மா உக்காந்திருக்கும். டிசம்பர்ல கத்திரி வச்சா போறது கிளை இல்ல, அடுத்த வருஷத்துப் பூ. மஞ்சளா பூக்குற ஃபோர்சித்தியாவுக்கும் இதே கணக்குதான். அதனால உங்க பொண்ணு அங்க பண்றது ரொம்ப சரி. (அடுத்த தடவை வரும்போது லைலாக் செடி ஒண்ணு கொண்டு வாடின்னு மட்டும் கேட்றாதீங்க, அதுக்கு நல்ல குளிர் வேணும், நம்ம வெயிலுக்கு அது பூக்காது.)

குண்டுமல்லி அப்படி இல்ல. மொட்டு வர்றதே புதுசா துளிர்க்கிற பக்கக் கிளையோட நுனிலதான். பழைய குச்சி அடர்ந்து கிடந்தா இலைதான் மிஞ்சும், அதனால எவ்வளவு புதுக் கிளை வருதோ அவ்வளவு பூ. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக சிபாரிசும் நவம்பர் கடைசி வாரம், தரையிலேர்ந்து 50 செ.மீ. உயரம் விட்டு கவாத்து பண்ணுங்கன்னுதான் இருக்கு. அப்ப வெட்டினா மார்ச்லேர்ந்து பூ பிடிக்கும்.

வெட்டுறதுக்கு சில நாள் முன்னாடி தண்ணியை நிறுத்திடுங்க. காஞ்ச குச்சி, உள்பக்கமா ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளை, நோஞ்சான் கிளை இதெல்லாம் முதல்ல அடியோட எடுத்துட்டு, அப்புறம் மத்ததை வெளிப்பக்கம் பாத்த கணுவுக்கு கொஞ்சம் மேல சாய்வா வெட்டுங்க, மிச்சம் ஒட்டிட்டு இருக்கிற இலையையும் உருவி விட்டுடுங்க. தடிமனான கிளையோட வெட்டு வாய்ல காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற பூஞ்சை மருந்தை கெட்டியா கரைச்சு தடவணும். அப்புறம் தொழு உரம் போட்டு மண்ணைக் கிளறி தண்ணி விட வேண்டியதுதான். உரம் அந்த ஒரு தடவையோட முடியாது, ஜூன் ஜூலைல இன்னொரு தடவை கொடுக்கணும்.

நம்ம ஊர்ல ஒரே சிக்கல், நவம்பர் கடைசின்னா புயல் சீசன். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கந்தான் கரையேறுச்சு, தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல. அப்பதான் வெட்டின செடி நாள்கணக்கா மழைல நின்னா வெட்டு வாய் வழியா நுனி கருகிட்டே கீழ எறங்கும், வேர்லயும் தண்ணி தேங்கினா செடியே போயிடும். அதனால தேதியைப் பாக்காதீங்க, வானிலை செய்தியைப் பாருங்க. நாலஞ்சு நாள் வெயில் அடிக்கும்னு தெரிஞ்சா வெட்டுங்க, அது மார்கழிக்கு தள்ளிப் போனாலும் பரவால்ல, பூ கொஞ்சம் லேட்டா வரும், அவ்ளோதான்.

கேள்வி: முல்லையையும் கூடவே வெட்டிடலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேணாம் சார். பொங்கல் முடியட்டும். ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. விட்டு வெட்டுங்க. அப்ப மழைத் தொல்லையும் இருக்காது.

கேள்வி: காம்பவுண்டுல போகன்வில்லா வச்சிருக்கோம், மாசாமாசம் ஆள் வச்சு மட்டமா வெட்டி அழகா வச்சிருக்கோம், ஆனா பூவே இல்ல, பச்சையா நிக்குது.
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த மாசாமாசம்தான் காரணம்மா! இதுவும் புதுக் கிளை நுனிலதான் பூக்கும், நுனி வளந்து பூக்கிற நேரத்துல கரெக்டா ஆள் வந்து வெட்டிட்டுப் போயிடறாரு. ஒரு தடவை பூத்து ஓஞ்சதும் நல்லா வெட்டி விட்டுட்டு அப்புறம் கையே வைக்காதீங்க, சுவத்துக்கு வெளிய நீட்டிட்டு ரோட்ல போறவங்க முகத்துல குத்துற கிளையை மட்டும் எடுங்க. தண்ணியையும் குறைங்க, மண்ணு நல்லா காஞ்சப்புறம் விட்டா போதும், தினமும் ஊத்தினா இலையாத்தான் தள்ளும். நாம பூன்னு சொல்ற ரோஸ் கலர் எல்லாம் உண்மைல இலை மாதிரி ஒரு செதில், நிஜப் பூ உள்ள பொடிசா வெள்ளையா இருக்கும். செடிக்குப் பேரே பூகன்வில்ங்கிற பிரெஞ்சு மாலுமி பேருதான், அதனால பிரெஞ்சு ஊர்ல இது பூக்காம நின்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

கேள்வி: அரளியை எப்ப வெட்டலாம்? வாசலை மறைக்குது.
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மழை இல்லாத நாளா பாத்து வெட்டிடுங்க, அது தாங்கும், திரும்ப தழைச்சுடும். ஆனா கையுறை போட்டுக்கங்க, பால் கண்ணுல படக்கூடாது. வெட்டின கிளையை அடுப்புக்கோ குப்பை கொளுத்தவோ போடாதீங்க, புகையும் விஷம், ஆடு மாடு வாய் வைக்கிற இடத்துலயும் கொட்டாதீங்க.