குரோம் டேங்க் ஒட்டாமல் பிரிகிறதா?

நண்பரே, பீட்டர்பில்ட் 359 என்ற அமெரிக்க லாரியின் 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட்டில், குரோம் பூசிய டீசல் டேங்கின் இரண்டு பாதிகளும் ஒட்டாமல் பிரிந்து வருவதாக எழுதியிருந்தீர்கள். பசை மேல் குற்றமில்லை. பிளாஸ்டிக் சிமென்ட் என்ற மாடல் பசை, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் இணைக்கும். நடுவே குரோம் படலம் இருந்தால் பசை பிளாஸ்டிக்கைத் தொடவே முடியாது. ஒட்டும் விளிம்பில் மட்டும் கத்தியால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

ஆனால் டேங்கின் நட்டநடுவில் இணைப்புக் கோடு தெரியுமே, அதுதான் எனக்குப் பொறுக்காது. குரோமை மொத்தமாக எடுத்துவிடுவதே நல்லது. பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டு ப்ளீச் திரவத்தை ஊற்றி பாகங்களை ஊறப்போடுங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் போய்விடும். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிவறை ஆசிட் எதையும் அதோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

அப்புறம் பாதிகளை ஒட்டி, புட்டி வைத்துத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கறுப்பில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் மேலே காட்டிக்கொடுத்துவிடும். அதன் மேல் ஏர்பிரஷ்ஷில் (பெயின்ட்டைக் காற்றோடு தெளிக்கும் கருவி) மெல்லிசாக அல்கிளாட் என்ற உலோக நிறப் பெயின்ட்டில் அலுமினிய நிறத்தை அடியுங்கள். குரோம் நிறம் வேண்டாம்; நிஜ லாரியில் அந்த டேங்க் பாலிஷ் போட்ட அலுமினியம்தான்.