பெட்டியில் ‘அனலாக்’, உள்ளே வேறு சரக்கு: மலேசியப் பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, கல்யாண விருந்துகளில் வாசிக்கும் குழுவில் கித்தார் வாசிக்கிறேன். காலடியில் இடம் குறைவு என்பதால் வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் தரும் சிறிய அனலாக் டிலே பெடல் ஒன்று போதும். கடைக்காரர் எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி என்கிறார். நண்பர் பாஸ் நிறுவனத்தின் டிஎம்-2டபிள்யூ என்கிறார். எது நல்லது? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: இரண்டுமே நம்பி வாங்கக்கூடியவைதாம். உங்கள் குழு எந்த வேகத்தில் வாசிக்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எதிரொலி தாளத்தோடு விழ வேண்டுமானால் தாமதம் ஒரு தாள அடியின் நீளம் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டில் ஓர் அடி 500 மில்லிவினாடி. கார்பன் காப்பி 600 வரை தருவதால் அதற்குப் போதும். 80 அடியில் நகரும் மெல்லிசைக்கு ஓர் அடி 750 ஆகிவிடும். அங்கே கார்பன் காப்பிக்கு எட்டாது, டிஎம்-2டபிள்யூவைக் கஸ்டம் நிலையில் வைத்தால் 800 வரை போகும். அதன் ஸ்டாண்டர்ட் நிலை, பழைய டிஎம்-2வைப் போலவே, 20 முதல் 300 மில்லிவினாடிக்குள் மங்கலான எதிரொலியைத் தருவது. கார்பன் காப்பியில் எதிரொலியை இலேசாக அலையவிடும் சிறு பொத்தான் ஒன்று உண்டு. அந்த அசைவு பிடித்துவிட்டவர்களுக்கு வேறு எதைச் சொன்னாலும் ஏறாது. இரண்டிலும் காலால் தட்டித் தாளம் பிடிக்கும் வசதி இல்லை என்பதால், உங்கள் டிரம்ஸ்காரர் பாதிப் பாட்டில் வேகம் கூட்டுகிறவராக இருந்தால் குனிந்து குமிழைத் திருப்ப வேண்டியதுதான். என்னைக் கேட்டால், மெல்லிசைக்காகவே டிஎம்-2டபிள்யூவை எடுப்பேன். ஆனால் உங்கள் சொந்தக் கித்தாரைக் கடைக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் வாசித்துப் பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: 1000 மில்லிவினாடி தரும் பெடல், 300 தருவதைவிட மூன்று மடங்கு மேலானதுதானே? (செந்தூல்)

பதில்: இல்லை. நீங்கள் வாங்கப் போவது அரிசி அல்ல.

கேள்வி: இணையக் கடையில் ‘100 விழுக்காடு அனலாக்’ என்று போட்டிருந்த டிலே பெடலை 260 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். சந்தேகத்தில் பின்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பிடி2399 என்ற சில்லு இருக்கிறது. அது டிஜிட்டல் என்கிறார் மின்னணு படித்த என் மைத்துனர். விற்பவரோ, “சத்தம் அனலாக்தானே” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். (பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது சரி, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு சொல்லைப் பற்றி நான் பல நாளாகப் பொருமிக்கொண்டிருப்பதால், பதில் சற்று நீளும்.

அனலாக் டிலேயின் உயிர் ‘வாளி வரிசை’ எனப்படும் சில்லு. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவானது. தீயணைக்க ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது போல, கித்தாரின் மின்னோட்டத்தைத் துளித்துளியாக ஆயிரக்கணக்கான மின்தேக்கிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றிக் கடைசியில் ஊற்றுகின்றன. அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரமே நாம் கேட்கும் தாமதம். வழியில் கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தலும், இரைச்சலை அடக்க வைத்திருக்கும் வடிகட்டிகளும் சேர்ந்துதான் ஒவ்வொரு எதிரொலியையும் முந்தையதைவிட மங்கலாக்குகின்றன. தைவானில் உருவான பிடி2399 அப்படிச் செய்வதில்லை. ஒலியை எண்களாக்கி, 44 கிலோபிட் நினைவகத்தில் வைத்து, மறுபடி ஒலியாக்கித் தருகிறது. மட்டமான சில்லு என்று அதைச் சொல்ல மாட்டேன், அதை வைத்துச் செய்த இனிமையான பெடல்கள் எத்தனையோ உண்டு, என் மேசையிலேயே ஒன்று இருக்கிறது. கெட்டிக்கார வியாபாரிகள் ‘அனலாக் டோன்’, ‘அனலாக் வாய்ஸ்’ என்று வால் ஒன்றை ஒட்டித் தப்பித்துக்கொள்வார்கள். உங்கள் வியாபாரி வாலை ஒட்ட மறந்ததோடு நூறு விழுக்காடு என்று வேறு சத்தியம் செய்திருக்கிறார்.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். விளம்பரப் பக்கம், ரசீது, அவரோடு நடந்த உரையாடல், சில்லின் எண் தெளிவாகத் தெரியும் படம் ஆகியவற்றை இன்றே சேமித்து வையுங்கள், ஏனென்றால் விளம்பரங்கள் ஒரே இரவில் திருத்தப்படும். ஒரு வாரத் தவணை கொடுத்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள்: கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்பார்கள், மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 260 வெள்ளிக்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள், அலையுங்கள்.

கேள்வி: புதுப் பெடலுக்கு வீட்டிலிருந்த கீபோர்டு அடாப்டரைச் செருகினேன். முனை சரியாகப் பொருந்தியது. புகை வந்துவிட்டது. கடைக்காரர் உத்தரவாதம் கிடையாது என்கிறார். நியாயமா? (பாயான் லெப்பாஸ்)

பதில்: நியாயம். இத்தகைய பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட்டில், நடுமுனை எதிர்மின்னாக இருக்கும் அடாப்டரில் ஓடுபவை. 12 வோல்ட்டும் நேர்மின் நடுமுனையும் உள்ள கீபோர்டு அடாப்டர்கள் நிறைய உண்டு. துளைக்கு அருகிலேயே படம் போட்டு அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்க ஐந்து வினாடி ஆகாது, தம்பி.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் தள்ளுபடி இன்று நள்ளிரவோடு முடிகிறது. உடனே வாங்கிவிடட்டுமா? (கிள்ளான்)

பதில்: தூங்கப் போங்கள். அடுத்த மாதமும் அதே தள்ளுபடி வரும். வரும்போது, 500 வெள்ளிக்குட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 தொடக்கத்திலிருந்து உள்ள 10 விழுக்காட்டு விற்பனை வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் தனியார் ஒருவர் 1980களின் பாஸ் டிஎம்-2வை விற்கிறார். டிலே குமிழை முழுக்கத் திருப்பினால் மெல்லிய கீச்சொலி கேட்கிறது. பழுதா? நம்பி வாங்கலாமா? (ஆயர் ஈத்தாம்)

பதில்: கீச்சொலி மேலே சொன்ன வாளி வரிசைச் சில்லின் பிறவிக் குணம். டிஎம்-2வில் வரும் எம்என்3005 என்ற அத்தகைய சில்லில், கைமாற்றும் படிகள் 4096. 300 மில்லிவினாடி தாமதம் வேண்டுமானால் அதை நடத்தும் கடிகாரத் துடிப்பு 7 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்க வேண்டும், அது மனிதக் காதுக்கு எட்டும் தூரம். இலேசாகக் கேட்டால் குற்றமில்லை, வாசிப்பை மீறிக் கேட்டால் வேண்டாம்.

என் கதையையும் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் இதே பெடலைக் கண்டேன். மிதித்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் கித்தாரை மாட்டினால் நேரொலி மட்டும் வருகிறது, எதிரொலி இல்லை. திறந்து பார்த்தபோது சில்லு இருக்க வேண்டிய இடத்தில் ஈயம் கருகிய ஓட்டைகள் மட்டும் இருந்தன. அந்தச் சில்லின் தயாரிப்பு நின்றுபோனதால், அதைப் பிடுங்கித் தனியாக விற்பதற்கே ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விளக்கை மட்டும் பார்த்து வாங்கிய என்னைவிட நீங்கள் கவனமானவர், குறைந்தது குமிழைத் திருப்பியாவது பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் வந்தவற்றில் எம்என்3005, பின்னால் வந்தவற்றில் எம்என்3205 இருக்கும். விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள், ஏனெனில் வியாபாரியல்லாத தனியாளிடம் வாங்கியதற்கு நடுவர் மன்றத்தின் கதவு திறக்காது. அடிப்பக்கச் சீட்டில் ஏசிஏ (பாஸ் நிறுவனத்தின் பழைய வகை) அடாப்டர் என்றிருந்தால், இக்காலத்து 9 வோல்ட் அடாப்டரில் விளக்கு மங்கலாக எரியும். பழுது என்று பதறாமல், புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துப்போய் அதில் சோதித்துப் பாருங்கள்.