ஏதென்ஸில் வீட்டுச் சமையல் போலச் சாப்பாடு கிடைக்கும் தவெர்னாவை (கிரேக்கச் சாப்பாட்டுக் கடையை) எப்படிக் கண்டுபிடிப்பது? சைவம் கிடைக்குமா?

முதலில், மதியம் போங்கள். இரவில் போகிற பழக்கத்தால்தான் பல பேர் ஏமாறுகிறார்கள்.

தவெர்னாவில் இரண்டு விதமான சாப்பாடு உண்டு. காலையிலேயே சட்டியிலும் ஓவனிலும் சமைத்து வைத்தவை மகிரெஃப்தா. மற்றது, நாம் ஆர்டர் கொடுத்த பிறகு கரியடுப்பில் வாட்டித் தரும் இறைச்சியும் மீனும். வாட்டிய இறைச்சி அநேகமாக எல்லாக் கடையிலும் நன்றாகவே இருக்கும். ஒரு கடையின் கைப்பக்குவம் தெரிவது மகிரெஃப்தாவில்தான். கிரேக்கர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி வாக்கில்தான் உட்காருவார்கள், அதனால் ஒன்றரைக்குப் போனால் எல்லாம் இருக்கும். இரவு பத்து மணிக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். பழைய கடைகளில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, வேண்டியதைக் கை காட்டிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்தப் பழைய பாணியைப் பார்க்க வேண்டுமென்றால் வர்வாகியோஸ் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் திபோர்த்தோவுக்குப் போங்கள். 1887இல் தொடங்கிய கடை. தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். பெயர்ப்பலகை இல்லை, மெனு கார்டும் இல்லை. சுவரோரம் பெரிய ஒயின் பீப்பாய்கள். கூட்டமாக இருந்தால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அங்கே கொண்டைக்கடலை சூப்பைத் தவறவிடாதீர்கள்.

சைவம்? தாராளமாகக் கிடைக்கும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டின் பெரும்பாலான புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட தவக்காலத்திலும் இறைச்சி, முட்டை, பால் விலக்கு. அதனால் லதேரா என்று ஒரு தனிச் சமையலே வளர்ந்திருக்கிறது: காய்கறியைத் தக்காளி, வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி நிதானமாக வேகவைப்பது. பீன்ஸில் செய்தால் ஃபசோலாக்கியா, வெண்டைக்காயில் செய்தால் பாமியெஸ். வெண்டைக்காயைச் சமைக்கும் முன் வினிகரில் புரட்டி வெயிலில் வைத்துவிடுவதால் வழவழப்பு அடங்கிவிடும். இவை வெதுவெதுப்பாகத்தான் மேசைக்கு வரும். ஆறிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள், அந்தச் சூட்டில்தான் ருசி.

ஒரு எச்சரிக்கை. விரத உணவை அங்கே நிஸ்தீசிமா என்பார்கள். அதைச் சொல்லிக் கேட்டால் சைவம் வரும் என்று நம்பிவிடாதீர்கள், கணவாயும் ஆக்டோபஸும் இறாலும் அவர்களுக்கு விரத உணவுதான்! தக்காளியிலும் குடைமிளகாயிலும் அரிசி அடைத்துச் செய்யும் யெமிஸ்தாவிலும் சில கடைகளில் கொத்திறைச்சி சேர்ப்பார்கள். இறைச்சி, மீன், மற்ற கடலுணவு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவது உத்தமம்.

கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிச் சுடும் முசாக்காவை வைத்துக் கடையை எடை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் மேலே வரும் வெள்ளை சாஸ், பிரெஞ்சுச் சமையலில் மோகம் கொண்டிருந்த நிக்கொலாஸ் த்செலெமெந்தெஸ் என்ற சமையல் நிபுணர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரப்பியது. அவர் பிறந்த சிஃப்னோஸ் தீவிலோ கொண்டைக்கடலையை மண்பானையில் போட்டுச் சனி இரவு விறகு அடுப்பில் வைத்து, ஞாயிறு தேவாலயம் முடிந்து வந்து சாப்பிடுகிறார்கள். என் ஓட்டு கொண்டைக்கடலைக்குத்தான்.

வாசலில் நின்று கூவி அழைக்கும் கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள், பிளாக்கா பகுதியில் இது அதிகம். அசைவம் சாப்பிடுபவர்கள் மெனுவில் மீன் விலை கிலோவுக்கா, தட்டுக்கா என்று பார்த்துக்கொள்ளவும். உறையவைத்த பொருளில் செய்ததென்றால் பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். கேட்காமலே ரொட்டி வரும், அதற்குச் சின்னக் கட்டணமும் பில்லில் வரும், சண்டை போட வேண்டாம். கடைசியில் பழமோ ரவை அல்வாவோ இலவசமாக வைப்பது பல கடைகளில் வழக்கம். அந்த அல்வாவை வழக்கமாக எண்ணெயில்தான் கிளறுவார்கள், பால் சாப்பிடாதவர்களும் பயமில்லாமல் கை வைக்கலாம்.