ஒரே கார், இரண்டு டைனோ: 22 ஹார்ஸ்பவர் எங்கே போனது?

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காருக்கு ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது), இன்டேக், எக்ஸாஸ்ட் மூன்றையும் செய்துகொடுத்த இடத்தில் டைனோ (சக்கரத்தை ரோலரில் ஓட்டி பவரை அளக்கும் மெஷின்) ஷீட் 210 ஹார்ஸ்பவர் காட்டியது. கொஞ்ச நாள் கழித்து வேறு இடத்தில் ஏற்றினால் 188தான். ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. முதல் ட்யூனர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றியும் இருக்கலாம், ஆனால் இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. முதலில் ஷீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். வீல் (சக்கரத்தில் உள்ள பவர்) என்று போட்டிருக்கிறதா, க்ராங்க் (இன்ஜினிலேயே வரும் பவர்) என்றா? ரோலர் டைனோ அளப்பது கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தின்றது போக சக்கரத்துக்கு வந்து சேர்ந்த பவரை. சில மெஷின்கள் கடைசியில் ரோலரைத் தானாக ஓய விட்டு இந்த இழப்பைக் கணக்குப் போடும். பல இடங்களில் ஆபரேட்டரே 15 சதவீதம் என்று கையால் சேர்த்துவிடுவார். உங்கள் 210 அப்படி வந்த எண், 188 சக்கரத்தில் அளந்தது என்றால், முதல் இடத்தில் சக்கரத்துக்கு வந்தது அது ஏறத்தாழ 183தான், அதாவது இரண்டாவது இடம்தான் கூட்டிக் காட்டியிருக்கிறது!

அடுத்தது கரெக்‌ஷன். சூடான, மெலிந்த காற்றில் இன்ஜின் பவர் குறையும் என்பதால், அளந்ததை ஒரு பொது நிலைக்கு மாற்றிக் காட்டுவார்கள். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே1349 முறை 25 டிகிரியை அடிப்படையாக வைக்கிறது, ‘எஸ்.டி.டி.’ என்று அச்சாகும் பழைய முறை அதைவிடக் குளிர்ந்த, அடர்த்தியான காற்றை வைப்பதால் அதே ரன்னுக்கு (ஒரு முறை ஓட்டி அளப்பதற்கு) 3, 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். இதில் ஒரு சின்ன வேலையும் உண்டு. அறை 25 டிகிரியில் இருக்கும்போது வெப்ப சென்சாரை சூடான பானெட் பக்கம் வைத்து அது 45 காட்டினால், மென்பொருள் பாவப்பட்டு இன்னும் 4 சதவீதம் போட்டுக்கொடுக்கும், யாரும் எந்த எண்ணையும் திருத்த வேண்டியதே இல்லை. மலைப்பகுதி டைனோ என்றால் இன்னொரு சிக்கல்: இந்தச் சூத்திரங்கள் டர்போ இல்லாத இன்ஜினை நினைத்து எழுதப்பட்டவை, டர்போவோ காற்று மெலிந்தால் வேகமாகச் சுழன்று பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும், அதற்கு மேல் முழு கரெக்‌ஷனும் சேர்த்தால் இல்லாத பவர் பேப்பரில் வந்துவிடும்.

காரும் ஒவ்வொரு ரன்னிலும் ஒன்றுபோல் இருக்காது. முன்னால் நல்ல ஃபேன் இல்லையென்றால் இன்டர்கூலர் சூடேறி, நாக் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க இசியு எனும் இன்ஜின் கணினி தீப்பொறி டைமிங்கைப் பின்னால் இழுத்து, பவரைக் குறைத்துவிடும். ரீமேப் செய்த காரில் இது சீக்கிரம் தெரியும், முதல் ரன்னைவிட மூன்றாவது ரன் குறைவது பெரும்பாலும் இதனால்தான். சும்மா கனமான ரோலரைச் சுழற்றும் டைனோவில் ரன் சட்டென்று முடிந்துவிடும். பிரேக் போட்டு லோடு கொடுக்கும் டைனோவில் இன்ஜின் கூடுதல் நேரம் இழுக்க வேண்டியிருப்பதால் வெப்பமும் ஏறும், டர்போ தரும் பூஸ்ட் (காற்றழுத்தம்) வரும் விதமும் மாறும். டயர் காற்று, ஸ்ட்ராப் இறுக்கம், எந்த கியர் என்பதெல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டும்.

சரி, ரீமேப் வேலை செய்ததா? முதல் இடத்தில் ரீமேப்புக்கு முன் ஸ்டாக் நிலையில் எடுத்த ஷீட் இருந்தால் அதே மெஷின், அதே கரெக்‌ஷனில் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். அந்த ஷீட்டைத் தரவே மாட்டேன் என்கிறாரா, அப்போது சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஷீட்டில் பவர் கோடும் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) கோடும் 5252 ஆர்.பி.எம்.மில்தான் வெட்ட வேண்டும் என்கிறார்கள். என் ஷீட்டில் வெட்டவில்லை. போலியா?

பதில்: டார்க் பவுண்ட்-அடியிலும் பவர் ஹார்ஸ்பவரிலும் இருந்து, இரண்டுக்கும் ஒரே அளவுகோல் போட்டிருந்தால்தான் அந்தக் கணக்கு. டார்க் நியூட்டன் மீட்டரில் இருந்தால் சுமார் 7120இல் வெட்டும், உங்கள் இன்ஜின் அதுவரை சுழலவே சுழலாமல் இருக்கலாம். அலகும் அளவுகோலும் சரியாக இருந்தும் 5252 தப்பினால் அந்த ஷீட்டைத் தூக்கிப் போடுங்கள்.