வெள்ளத்தில் கடைச் சரக்கு 6 லட்சத்துக்குச் சேதம், இன்சூரன்ஸில் 3 லட்சம்தானா என்று கேட்கிறீர்கள்.

சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயர் பாதியாக வெட்டியதில் ஏமாற்று இல்லைங்க. கடையில் 40 லட்சத்துக்குக் கட்டில், பீரோ, சோபா இருக்க, பாலிசியை 20 லட்சத்துக்குத்தானே எடுத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் எந்தச் சேதத்துக்கும் பாதிதான் வரும், இதைத்தான் ஆவரேஜ் என்பார்கள். ஆனால் அந்த 40 எப்படி வந்தது என்று கேளுங்கள். விற்பனை விலையில் போட்டிருந்தால் விடாதீர்கள், கொள்முதல் விலைதான் கணக்கு. ஜிஎஸ்டி பில்களைக் காட்டி அது 32 ஆகக் குறைந்தால் 3.75 லட்சம் வரும். அப்புறம், வெள்ளத்தில் உப்பிப்போன பிளைவுட் கட்டில்களை நாற்றம் தாங்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிளெய்ம் முடியும்வரை கிடக்கட்டும். குடோன் முகவரி பாலிசியில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள், இல்லையென்றால் அங்கே நனைந்த சரக்குக்குப் பணம் வாங்குவது கஷ்டம்.