ஒரே நாளில் முடித்துப் பார்த்தவர்கள்

கேள்வி: ரசாயன விவசாயம் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கிறது என்று தெரிந்தும் அரசுகள் அதற்கே முட்டுக்கொடுக்கின்றனவே? உரத்தையும் பூச்சிமருந்தையும் தடை செய்துவிட்டு இயற்கை விவசாயத்தை மட்டும் ஆதரித்தால் ஒரே நாளில் முடிகிற வேலை. ஏன் தயங்குகிறார்கள்? உரக் கம்பெனிகளின் பணமா?

பதில்: ஒரே நாளில் முடித்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது: இலங்கை. 2019 அதிபர் தேர்தலில் கோத்தபய ராஜபக்ச கொடுத்த வாக்கு, 10 ஆண்டுகளில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவது. நியாயமான கெடுதான். 2021 ஏப்ரலில் அந்தக் கெடு காணாமல் போய், ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்கே தடை வந்தது. கையில் டாலர் இல்லை என்பது ஒரு காரணம். மீதி மண் மீதான பாசம் என்றே வைத்துக்கொள்வோம். நெல் சரிந்தது, தேயிலை சரிந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசிக்கு வெளியே கையேந்தியது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் தேறாது’ என்று குதிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அங்கே தோற்றது கணக்கு. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. மக்கிய தொழு உரத்தில் நூறு கிலோவுக்கு அரை கிலோ என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு நாலரை டன்னுக்கு மேல் எரு வேண்டும். ஒரு ஆள் முதுகில் தூக்கிப்போகிற மூட்டைக்குப் பதில் டிராக்டர் நிறைய. அதுவும் போட்ட வாரத்தில் பயிருக்குக் கிடைத்துவிடாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று கழித்த பிறகு மெதுவாகத்தான் வரும். மாடு, மண்ணில் மடக்கி உழுகிற பசுந்தாள் பயிர், மக்கவைக்கக் காலம் எதுவும் கையில் இல்லாதபோது அரசிதழில் அச்சடித்து எருவை வரவழைக்க முடியுமா?

1913-இல் ஜெர்மனியில், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து உரமாக்கும் ஹேபர்-பாஷ் முறையின் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு அந்த முறையை நம்பி இருக்கிறது. இயற்கை முறையில் மகசூல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பயறு வகைகளில் இடைவெளி சின்னது, தானியத்தில் பெரிது. அந்தக் குறையை ஈடுகட்டக் காட்டை வெட்டினால் யாருக்கு லாபம்? ஆக, ‘மட்டும்’ என்ற உங்கள் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, அரசு சும்மா இருக்கலாமா? அது சும்மா இல்லை என்பதுதான் விஷயமே. இந்தோனேசியாவைப் பாருங்கள். 1980-களில் அங்கே பூச்சிமருந்தின் விலையில் ஐந்தில் நான்கு பங்கை அரசே கட்டியது. கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைப்பதை யார் அளந்து அடிப்பார்கள்? நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகியது. மருந்தடிக்க அடிக்க இன்னும் பெருகியது. தூரை விலக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியே ஓடித் திரிந்து புகையானைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகிறது. சில நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது தின்ன ஆள் கிடையாது. அரசு காசு கொடுத்துக் காவல்காரனைக் கொன்றிருக்கிறது.

1986-இல் சுகார்த்தோ அரசு 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்றது. மானியத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-க்குள் நிறுத்தியது. அப்புறம் விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்து, எது பகை, எது நட்பு என்று தூரில் எண்ணிப் பார்க்கப் பழக்கினார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை. அது இயற்கை விவசாயமும் அல்ல. யூரியா போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சர்வாதிகாரி செய்த காரியத்தைப் பாராட்ட எனக்கும் சங்கடம்தான், ஆனால் நடந்தது அது.

முழுசாக இயற்கைக்கு மாற விரும்புகிறவருக்கு வேறு உதவி வேண்டும். ரசாயனத்தை நிறுத்திய நாளிலிருந்து சான்று கையில் வர இரண்டு மூன்று ஆண்டு ஆகிவிடும். விளைச்சல் அன்றே இறங்கும். இயற்கை விளைபொருள் என்று கூடுதல் விலைக்கு விற்கவோ சான்று வரவேண்டும். பெரும்பாலானவர்கள் மூழ்குவது இந்த இடைவெளியில்தான். டென்மார்க் 1987-லேயே சட்டம் போட்டு மாறுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தது. பிறகு கோபன்ஹேகன் நகராட்சி, தன் பள்ளி, முதியோர் இல்லச் சமையலறைகளில் வாங்கும் பொருளில் பெரும்பகுதியை இயற்கை முறையில் விளைந்ததாக மாற்றியது. இறைச்சியைக் குறைத்து, வீணாவதைக் குறைத்து, சமையல் செலவை ஏறக்குறைய பழைய அளவிலேயே வைத்துக்கொண்டது. விளைந்ததை வாங்க ஆள் இருந்தால் பாதி பிரசங்கம் மிச்சம்.

கம்பெனிப் பணமா என்று கேட்டீர்கள். அதுவும் இருக்கும். ஆனால் மானிய மூட்டைக்குப் போவது உங்கள் வரிப்பணம், அந்த மூட்டைக்குப் பழகிய விவசாயியிடம் இருப்பது ஓட்டு. தடைக்கு ஒரு கையெழுத்து போதும். மானியத்தை வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, அதே காசை எருவுக்கும் பயிற்சிக்கும் திருப்ப, அமைச்சர் பத்து வருடம் பொறுமையாக இருக்க வேண்டும். தயக்கம் அங்கேதான்.