சுமை வேனின் இழுவையும் டீசல் செலவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரமடையிலிருந்து மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்குச் செல்கிறேன்; திரும்பும்போது கேரட், முட்டைகோஸ் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுவருகிறேன். வண்டி 2018-இல் வாங்கிய பி.எஸ்.4 லோடு வேன்; 1.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், ஒன்றேகால் டன் பாரம். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேடுகளில் இப்போது இரண்டாவது கியர் கேட்கிறது. கரும்புகை தள்ளுகிறது. மைலேஜும் 13-லிருந்து 10-க்கு வந்துவிட்டது. எஞ்சின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்து, கூடுதல் டீசல் விடும்படி எஞ்சின் கணினியை 'ரீமேப்' செய்துவிட்டால் இழுவையும் மைலேஜும் சேர்ந்தே கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், காரமடை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதே பாரத்தோடு முன்பு ஏறிய மேட்டில் வண்டி இன்று திணறுகிறது என்றால், எங்கோ ஒரு பழுது அதன் சக்தியைத் தின்றுகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பழுதை அப்படியே விட்டுவிட்டு மேலும் டீசலைப் பாய்ச்சினால் புகை கூடும், சூடு கூடும், செலவும் கூடும்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர் சாலையில் உங்கள் வண்டி ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்து இரண்டரை டன் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 35 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் சக்கரத்தை வந்தடைகிறது. எனவே மலையேற்றத்துக்கு மட்டுமே மூன்று லிட்டருக்கு மேல் போய்விடுகிறது. டயர்கள் உருள்வதற்கு ஆகும் செலவு இதே தூரத்தில் ஒரு லிட்டர் அளவுதான். மலைச் சாலையில் போகும் வேகத்துக்குக் காற்றின் எதிர்ப்பு பெரிய கணக்கே இல்லை. எடைக்கான அந்த மூன்று லிட்டரை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. கால் டன் சரக்கைக் குறைத்தால் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், அவ்வளவே. ஆனால் உங்கள் மைலேஜில் காணாமல் போன மூன்று கிலோமீட்டர் எடையால் போனதன்று. அதைத்தான் தேட வேண்டும்.

தேடலைப் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். இதற்கு மலையேற்றத்தைவிட நல்ல சோதனை கிடையாது, ஏனென்றால் ஏறும்போது பிரேக்கை அதிகம் மிதிப்பதில்லை. கோத்தகிரியில் வண்டியை நிறுத்தியதும் சரக்கை இறக்குவதற்கு முன்பே நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. பின்சக்கரமானால் துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிளோ சிக்கிய வீல் சிலிண்டரோ காரணமாக இருக்கலாம். வீல் பேரிங் பழுதானாலும் இப்படிச் சுடும். இறங்கி வந்தபின் இச்சோதனையைச் செய்வதில் பயனில்லை. அப்போது எல்லாச் சக்கரமும் சுடும்.

அடுத்தது காற்று. பாரம் இழுக்கும்போது கரும்புகை வருகிறது என்றால், பெரும்பாலும் எரிவதற்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி மாதக்கணக்கில் ஓட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு, அதை மாற்றிவிடுங்கள். பிறகு காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அக்காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். கிளிப்புக்கு அருகிலோ வளைவின் அடிப்பக்கத்திலோ எண்ணெய் ஈரமும் அதன்மேல் படிந்த புழுதியும் கறுப்பாகத் தெரிந்தால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது மூடியிருக்கும் வெடிப்பு, டர்போ அழுத்தம் ஏறியதும் வாய் திறந்துகொள்ளும். மேட்டில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்கிறதா என்று கிளீனரைக் கவனிக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் இந்தக் கசிவுக்கு முன்னால் இருந்தால், கசிந்த காற்றும் எஞ்சினுக்குள் போய்விட்டதாகவே கணினி எண்ணி அதற்கும் சேர்த்து டீசலை விடும். இழுவைக் குறைவு, கரும்புகை, மைலேஜ் இழப்பு ஆகிய உங்கள் மூன்று குறைகளும் ஒரே ஹோஸிலிருந்து வரக்கூடும் என்பது இதனால்தான். கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால் அங்கே இக்கசிவு இன்னும் உறைக்கும்.

ஈ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து திறந்தபடியே நின்றுவிட்டாலும் இதே அறிகுறிகள் தோன்றும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், கெட்டிருந்தால் மாற்றலாம். நல்ல நிலையில் உள்ள வால்வு முழு ஆக்சிலரேட்டரில் பெரும்பாலும் மூடியே இருக்கும். எனவே அதை அடைப்பதால் மேட்டில் கூடுதல் இழுவை எதுவும் கிடைக்காது, எச்சரிக்கை விளக்கு எரிவதும் நச்சுப்புகை கூடுவதும்தான் மிச்சம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட நிலையிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் அந்த மெக்கானிக்குக்குச் சொல்லுங்கள்.

எஞ்சின் சூடேறும்வரை அதன் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாகிறது என்ற புகாருக்கு அதைப் பிடுங்கி எறிவதையே வைத்தியமாகச் செய்யும் பட்டறைகள் இன்றும் உள்ளன. அது இல்லாத எஞ்சின், குறிப்பாக இறக்கத்திலும் குளிர்காலக் காலைகளிலும், உரிய வெப்பநிலைக்கு வராமலேயே ஓடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி டீசலைக் கூட்டித்தான் கொடுக்கும். எஞ்சின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரில் சந்தேகம் கொள்ளலாம்.

எதைச் சரிசெய்தாலும், அதே பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பி, அதே பாரத்தோடு ஏறி இறங்கி, மீண்டும் அங்கேயே நிரப்பிக் கணக்கிடுங்கள். ஏற்றத்தை மட்டும் அளந்தால் மனம்தான் உடையும்.

கேள்வி: எங்கள் டிரைவர் குன்னூர் இறக்கத்தில் பாரத்தோடு நியூட்ரலில் வண்டியை விடுகிறார். கேட்டால், 'எஞ்சின் சும்மா ஓடுகிறது, டீசல் மிச்சம், முதலாளி' என்கிறார். உண்மையா?
— காய்கறி வியாபாரி, ஊட்டி

பதில்: உண்மை நேர் எதிரானது. கணினி டீசலை அளந்து விடும் காமன் ரெயில் வகை எஞ்சினில், கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால், கணினி டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக, அவர் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் நேரமெல்லாம் செலவுதான் செய்கிறார்.

டீசலைவிடப் பெரிய விஷயம் பிரேக். இரண்டரை டன் வண்டி 1,450 மீட்டர் இறங்கும்போது முன்பு சொன்ன அதே 35 மெகாஜூல் வெப்பமாக வெளிவந்தாக வேண்டும். சுமார் 120 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது; ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம் இன்னும் அதிகம். கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பங்கும் நான்கு சக்கரங்களின் லைனிங்கிலும் பேடிலும் இறங்கும். டாட்-3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதித்த பெடல் பிடிமானமில்லாமல் தரையைத் தொடும். அது கொண்டை ஊசி வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று உங்கள் டிரைவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள்; பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: திருச்சி – சென்னை பார்சல் ஓட்டுகிறோம். உயரமான மூடிய பாடி கட்டிய வேன். போகும்போது முழு பாரம், 80-இல் போகிறோம். வரும்போது காலி, 90-இல் வருகிறோம். காலியாக வந்தும் டீசல் குறையவே இல்லை. எஞ்சினில் கோளாறா?
— வாசகர், திருச்சி

பதில்: எஞ்சினில் கோளாறு இருக்க வேண்டியதில்லை, உங்கள் வலது காலே போதும். காரமடை வாசகரின் மலைக் கணக்கு இங்கே தலைகீழாகிறது. சமதளச் சாலையில் வண்டியைத் தடுப்பவை டயரின் உருளல் எதிர்ப்பும் காற்றின் எதிர்ப்பும் மட்டுமே. முதலாவது எடையைப் பொறுத்தது. இரண்டாவது எடையைப் பார்ப்பதில்லை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் (வேகம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும்). உங்களுடையதைப் போன்ற உயரப் பெட்டிக்கு மணிக்கு 55 கிலோமீட்டரில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்; 80-இல் காற்று டயரைப்போல் இரு மடங்காகிவிடும். 90-இல் காலியாக வரும்போது டயரில் மிச்சமாவதைக் காற்று வாங்கிக்கொள்கிறது. என் கணக்கில், முழு பாரத்தோடு 80-இல் போவதற்கும் காலியாக 90-இல் வருவதற்கும் தேவைப்படும் இழுவிசை ஏறத்தாழ ஒன்றே.

80-க்குப் பதிலாக 65-இல் போனால் அவ்விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 320 கிலோமீட்டர் தூரத்துக்கு 55 நிமிடம் கூடுதலாகும். பார்சல் தொழிலில் அந்த நேரத்துக்கு என்ன விலை என்பது உங்களுக்குத்தான் தெரியும். நேரம் தர முடியாதென்றால் திரும்பும் பயணத்திலாவது வேகத்தைக் குறையுங்கள். கேபினுக்கு மேல் பெட்டி எழும்பி நிற்குமானால் சரிவான காற்றுத் தடுப்பு பலன் தரும். கேபின் உயரத்துக்கே பெட்டி இருந்தால் அது வீண் செலவு. பின்கதவை விரியத் திறந்து கட்டியும், தார்ப்பாய் பறக்கவும் விட்டு ஓட்டுவது, காசு கொடுத்துக் காற்றை வாங்குவதாகும்.

கேள்வி: பாரம் தாங்கப் பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு, ஒரு சைஸ் பெரிய டயரும் மாட்டினேன். அதன்பின் இழுவையும் மைலேஜும் குறைந்துவிட்டன.
— செங்கல் வியாபாரி, மதுரை

பதில்: பெரிய டயர் மாட்டுவது எல்லாக் கியரையும் சற்று உயர்த்தியதற்குச் சமம், எஞ்சின் அதே சுற்றில் இருந்தும் சக்கரத்துக்கு வரும் விசை குறையும். ஆனால் மைலேஜ் குறைவில் ஒரு பகுதி பொய். டயர் 5 சதவீதம் பெரிதானால் நீங்கள் 105 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 100 என்றே காட்டும். பழைய அளவுக்கே திரும்புங்கள். எடை தாங்கும் தகுதி குறிப்பிடப்பட்ட சரக்கு டயராக வாங்கி, ஓட்டத் தொடங்கும் முன், டயர் சூடேறாத நிலையில், முழு பாரத்துக்கென்று வண்டியில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள். கூடுதல் பட்டை வண்டியின் சட்டப்படியான பாரத்தை ஒரு கிலோகூட உயர்த்தாது. அளவுக்கு மீறி ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் கட்ட நேரிடும்.

கேள்வி: டீசல் குழாயில் காந்தம் கட்டினால் 20 சதவீதம் மிச்சமாகும் என்று விற்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

பதில்: நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினுக்குள் போகும் எரிபொருளில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் மிஞ்சும் இரண்டு சதவீதத்துக்குள்ளிருந்து இருபது சதவீதத்தைக் காந்தம் எப்படி எடுக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். வாங்க வைத்திருக்கும் பணத்தில் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: சென்னைக்குள் தண்ணீர் கேன் விநியோகம். பி.எஸ்.6 டீசல் வேன். கடைக்குக் கடை நின்று போகிறோம்; எஞ்சினை அணைப்பதில்லை. மைலேஜ் மோசம், டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. எஞ்சின் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கிறது!
— வாசகர், வியாசர்பாடி

பதில்: ஏறியது ஆயில் அன்று, டீசல். சைலன்சர் வழியில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசலைப் பீய்ச்சி வெப்பத்தை உயர்த்தும். அந்த வேலை முடிவதற்குள் நீங்கள் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கிறது. வேலையும் திரும்பத் திரும்பத் தொடங்குவதால் மைலேஜ் வீணாகிறது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். மாற்றியபின், விளக்கு எரிந்ததும் வெளிவட்டச் சாலைக்குச் சென்று, நான்காவது கியரில் வேகம் குறையாமல், விளக்கு அணையும்வரை ஓட்டுங்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குமேல் ஆகாது. அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனர் பொருத்தித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கேன் இறக்க இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகும் கடைகளில் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.